ஜூன் ஒன்றாம் தேதிக்காரன்

என் மகளுக்கு அம்மா இல்லை. அதனால் அவளுடைய பிள்ளைப்பேறு பார்க்க நான் விமானம் ஏறினேன். நாற்பது வருஷம் லாரிப் பட்டறையில் கிடந்தவன் பேறுகாலம் பார்க்கப் போகிறான் என்றதும் எங்கள் தெருவில் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும். எனக்குச் சோறு வடிக்கத் தெரியும், துணி துவைக்கத் தெரியும். எத்தனையோ இன்ஜினைக் கழற்றிக் கழுவி மாட்டியவனுக்கு ஒரு குழந்தையைக் குளிப்பாட்டத் தெரியாதா?

மருமகன் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வண்டி ஓட்டுகிறார். காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். வீடு நான்காவது மாடி. லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் படுத்துவிடும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். அதற்குத்தான் வந்தேன், ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை.

வந்த பத்தாம் நாள், லிஃப்ட் படுத்திருந்த நேரம், அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினேன். மூன்றாவது மாடியில் இடது பக்கம், தொடை இடுக்குக்கு மேலே, ஏதோ பொதுக்கென்று வெளியே வந்தது. தடவிப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் அளவு இருந்தது. டாக்டர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. டயர் உள்பக்கம் விட்டுப்போனால் டியூப் அந்த வழியாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். அதேதான். அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் ஒரு வாரம் ஓட்டினேன்.

மகளுக்கு அவள் அம்மாவின் கண்.

"ஏம்பா ஒரு பக்கமா சாஞ்சு நடக்குறீங்க?"

"இந்த ஊர்த் தரை சரியில்ல."

"தரையெல்லாம் நேராத்தான் இருக்கு. அந்தத் துண்ட அவுருங்க முதல்ல."

"பொம்பளப் பிள்ள பேசுற பேச்சா இது?"

"அவரு வந்து அவுக்கணுமா, நீங்களே அவுக்கிறீங்களா?"

மருமகன் வந்து என் துண்டை அவிழ்ப்பதைவிட ஆஸ்பத்திரியே மேல் என்று கிளம்பினேன்.

அறுவை டாக்டர் நெட்டையாக, கொக்கு மாதிரி இருந்தார். படம் வரைந்து காட்டினார். உள்ளே ஒரு வலையை வைத்துத் தைப்பார்களாம். ஒட்டுப் போடுவது. இதை அவர் எனக்குச் சொல்லித் தருகிறார்! "இது வரைக்கும் எத்தனை போட்டிருக்கீங்க, அதுல எத்தனை வண்டி திரும்பப் பட்டறைக்கு வந்துச்சுன்னு கேளு" என்றேன் மகளிடம். அவள் கேட்கமாட்டேன் என்றாள். நான் படத்தைத் தொட்டு, திரும்பி வருகிற மாதிரி விரலை நடக்கவிட்டு, எத்தனை என்று கைகாட்டி நானே கேட்டேன். நெட்டையர் சிரித்துக்கொண்டே இரண்டு விரலை நீட்டினார். ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே எழுந்து வந்திருப்பேன். இரண்டு என்றதால் கொஞ்சம் நம்பினேன்.

அவர் சொன்ன கணக்கு இதுதான். ஒட்டுப் போடாமல் எதையும் தூக்கக் கூடாது, தூக்கினால் குடல் சிக்கிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. ஒட்டுப் போட்டாலும் ஆறு வாரத்துக்கு எதையும் தூக்கக் கூடாது. யாரோ ஒருவர் வராமல் போனதால் அடுத்த செவ்வாய்க்கிழமை ஓர் இடம் இருக்கிறது. அதை விட்டால் நான்கு மாதம் கழித்துத்தான்.

மகளுக்குப் பிள்ளை பிறக்க அந்தச் செவ்வாயிலிருந்து ஏழு வாரம் இருந்தது. ஆறு வாரம் எனக்கு, ஒரு வாரம் மிச்சம். செவ்வாய் தவறினால் பேரப்பிள்ளையைத் தூரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். அதற்கு நான் என் வீட்டிலேயே இருந்து போட்டோ பார்த்திருக்கலாமே.

செவ்வாய் காலை ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதுமே ஒருவன் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து என் மகளை அதில் உட்கார வைத்தான். அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு அவளைத்தான் நோயாளி என்று முடிவு கட்டிவிட்டான். அவள் ஏதோ சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்பதாக இல்லை. நான் பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எதையும் தூக்கக் கூடாதவன் நான். பிரசவ வார்டு வாசல் வரைக்கும் போய்த்தான் திரும்பி வந்தோம்.

பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. வாசலில் ஒருத்தி கேட்டாள்: பெயர் என்ன, பிறந்த தேதி என்ன? சொன்னோம். அதை எழுதி என் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டினாள். மாடியில் இன்னொருத்தி அந்தப் பட்டையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே பெயர் என்ன, பிறந்த தேதி என்ன என்றாள். ரத்தம் எடுத்தவன் கேட்டான். உடுப்பு கொடுத்தவள் கேட்டாள். பின்பக்கம் திறந்து கிடக்கும் அந்த உடுப்பை மாட்டிக்கொண்டு சுவரோடு சுவராக நின்றபோதும் ஒருத்தி வந்து கேட்டாள். நெட்டையர் வந்து இடது பக்கம் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டு அவரும் கேட்டார்.

எனக்கு இந்த மாதிரி விசாரணையில் அனுபவம் உண்டு. ஒரு முறை திருட்டு லாரி ஒன்று வர்ணம் அடிக்க என் பட்டறைக்கு வந்துவிட்டது. போலீஸ்காரர்கள் ஒரே கேள்வியை ஆளுக்கொரு தடவை கேட்டார்கள். எந்தத் தடவை வாய் உளறுகிறதோ அங்கே பிடிப்பார்கள். இங்கேயும் அதேதான் நடக்கிறது என்று புரிந்துவிட்டது.

"எதுக்கு இப்பிடித் துருவுறாங்க? எதையோ கண்டுபிடிச்சிட்டாங்களா?" என்று மகளைக் கேட்டேன்.

"ஆள் மாறிடக் கூடாதுன்னு கேக்குறாங்கப்பா. உங்க நல்லதுக்குத்தான்."

"என் நல்லதுக்குன்னு சொல்லிட்டு ஆரம்பிக்கிறவன நான் எண்ணிப் பாத்தாச்சு."

"இன்னும் அரை மணி நேரம். கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. அதுக்கு மேல வாயத் திறக்காதீங்க. சரியா?"

சரி என்றேன். அவளைத் தரையில் போட்டிருந்த ஒரு மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு என்னைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள்.

அறுவை அறைக்கு முன்னால் ஒரு சின்ன அறை. குளிர் எலும்பைத் தொட்டது. பூப்போட்ட தொப்பி மாட்டிய குட்டையான அம்மா ஒருத்தி வந்தாள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் அவள்தான். பக்கத்தில் ஒரு கம்பத்தில் டெலிபோன் மாட்டியிருந்தது. அதற்கும் சக்கரம். அதிலிருந்து ஒரு பெண் குரலில் தமிழ் கேட்டது.

"வணக்கங்க. நான் மொழிபெயர்ப்பாளர், எண் நாற்பத்தேழு. நீங்க சொல்றது எல்லாத்தையும் அப்படியே அவங்ககிட்ட சொல்லுவேன். அவங்க சொல்றத அப்படியே உங்ககிட்ட சொல்லுவேன். நானா எதையும் சேக்க மாட்டேன், எதையும் விட மாட்டேன்."

காலையிலிருந்து மகள் குரலைத் தவிர தமிழே கேட்காத காதுக்குத் தேன் வார்த்த மாதிரி இருந்தது.

"நல்லதும்மா. எந்த ஊரு நீங்க?"

"அத நான் சொல்லக் கூடாதுங்க." உடனே அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ சொன்னாள். குட்டை டாக்டர் சிரித்தாள்.

"இப்ப என்ன சொன்னீங்க?"

"நீங்க எந்த ஊருன்னு கேட்டீங்கன்னும், நான் சொல்லக் கூடாதுன்னு சொன்னேன்னும் சொன்னேங்க."

பொல்லாத அம்மாதான். ஆனாலும் விதிப்படி வேலை செய்கிறவள். எனக்குப் பிடித்திருந்தது.

குட்டை டாக்டர் கேட்கக் கேட்க நாற்பத்தேழு சொன்னாள். கடைசியாக எப்போது சாப்பிட்டேன், பல் ஏதாவது ஆடுகிறதா. சொன்னேன். பிறகு டாக்டர் காகிதத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள்.

"உங்களுக்கு அறுபத்தெட்டு வயசு. வயசு, எடை, இருதயம் எல்லாத்தையும் பாத்துத்தான் மயக்க மருந்து எவ்வளவுன்னு முடிவு பண்ணுவோம்னு சொல்றாங்க."

அங்கேதான் எனக்குத் திக்கென்றது.

பட்டறைக்கு வரும் முதலாளிகளில் பாதிப் பேர் வண்டி எந்த வருஷத்தது என்பதில் பொய் சொல்லுவார்கள். அதை நம்பி அந்த வருஷத்துச் சாமானைப் போட்டால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். இப்போது அந்தப் பொய் முதலாளி நான். என் உண்மையான வயது எழுபத்தொன்று. பழைய இன்ஜின் அதிகம் எண்ணெய் குடிக்கும். அறுபத்தெட்டுக்கு அளந்த மருந்து எழுபத்தொன்றுக்கு எப்படிப் போதும்? வயிற்றைத் திறந்து வைத்திருக்கும்போது பாதியில் விழித்துக்கொண்டால்?

வாயைத் திறக்காதீர்கள் என்று மகள் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் திறக்கப் போவது அவள் வயிற்றை இல்லை.

கம்பத்துப் பக்கம் தலையைச் சாய்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"அம்மா, இத அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. உங்க காதோட வச்சுக்குங்க. அந்தப் பிறந்த தேதி பொய். மருந்த மட்டும் கொஞ்சம் கூடப் போடச் சொல்லுங்க."

கம்பத்திலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு அவள் எல்லாவற்றையும் அந்த ஊர்ப் பாஷையில் சொல்லிவிட்டாள்.

"சொல்லாதீங்கன்னு சொன்னேனே!"

"அதையும் சொல்லிட்டேங்க."

கட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்த ஆள் கையை எடுத்துவிட்டான், சூடு பட்டவன் மாதிரி. குட்டை டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தாள். யாரோ போய்ப் பெரிய நர்ஸைக் கூட்டி வந்தார்கள். இடுப்பில் சாவிக் கொத்து, முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. என் பட்டையைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்க யாருன்னு கேக்குறாங்க."

"நான்தான் நான்! காலைல இருந்து இதே ஆளுதான்!"

"அப்ப இந்த ஜூன் ஒண்ணாம் தேதி யாரோடது?"

"என்னோடதுதான். ஆனா அன்னைக்கு நான் பொறக்கல."

நாற்பத்தேழு இதைச் சொன்னபோது பெரிய நர்ஸின் புருவம் ஏறிய ஏற்றம் இருக்கிறதே, இறங்க வெகுநேரம் ஆயிற்று.

நான் விளக்கினேன். எங்கள் வீட்டில் பிறந்த தேதியை எல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்த அன்று அப்பா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எட்டு வயதுக் கழுதையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க முடியாது என்றார் தலைமை ஆசிரியர். பிறகு அவரே மனம் இரங்கி, ஐந்து வயது என்று போட்டு, தேதிக்கு அன்றைய தேதியையே எழுதிக்கொண்டார். அன்று சேர்ந்த முப்பத்தோரு பேருக்கும் அதே தேதிதான்.

"ஒரே நாள்ல முப்பத்தோரு குழந்தைங்க பொறந்தாங்களான்னு கேக்குறாங்க."

"பொறக்கலம்மா! சேத்தாங்க!"

"சரி, உண்மையான தேதி என்ன?"

"எங்க எருமை கன்னு போட்ட மறுநாள்."

"எந்த வருஷம்?"

"ஆத்துப் பாலம் அடிச்சுக்கிட்டுப் போன வருஷம்."

கணினி முன்னால் உட்கார்ந்திருந்த பெண் விரல்களைத் தூக்கியபடியே இருந்தாள். எருமையை எந்தக் கட்டத்தில் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெரிய நர்ஸ் நிறுத்தி நிதானமாகப் பேசினாள். நாற்பத்தேழின் குரல் இறங்கிவிட்டது.

"தேதி சரியில்லன்னா ஆள் சரியான்னு அவங்களால உறுதி சொல்ல முடியாதாம். இன்னைக்கு நிறுத்திடறாங்களாம். விசாரிச்சுட்டு வேற தேதி தருவாங்களாம்."

"எப்போ?"

"நாலு மாசம் ஆகலாம்னு சொல்றாங்க."

படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பின்பக்கம் திறந்து கிடப்பதுகூட நினைவில் இல்லை.

"நாலு மாசமா? ஏழு வாரத்துல பிள்ள பொறக்குதும்மா! நாலு மாடி! தூக்குறதுக்கு யாரு இருக்கா? சரி, சரி, அந்தத் தேதி உண்மைதான். நான் சொன்னதுதான் பொய். அப்படியே சொல்லுங்க."

சொன்னாள். நிலைமை இன்னும் மோசமாயிற்று. முன்பு ஒரு தேதிதான் சந்தேகம். இப்போது ஆளே பொய்யன். பெரிய நர்ஸ் கட்டிலைத் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"நீயாவது எடுத்துச் சொல்லு தாயி. எல்லாம் உனக்குப் புரியுதுல்ல?"

"என் கருத்தச் சொல்ல எனக்கு அனுமதி இல்லைங்க."

"உன் கருத்து யாருக்கு வேணும்? உங்கப்பாரு எப்பப் பொறந்தாரு, அத மட்டும் சொல்லு."

நான் கேட்டதை அவள் அவர்களிடம் சொல்லவில்லை. முதல் முறையாக ஒன்றை விட்டுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து நெட்டையர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று கையுறையை ஆட்டினார். பெரிய நர்ஸ் ஆரம்பிப்பதற்குள் கம்பம் பேசத் தொடங்கியது. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர்களும் ஒன்றும் கேட்கவில்லை, அது பாட்டுக்குப் பேசியது. நிறுத்தாமல், மூச்சு விடாமல். நடுவில் நெட்டையர் ஏதோ கேட்டார், பதில் சொல்லிற்று. குட்டை டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன தாயி சொன்ன?"

"செய்யக் கூடாதத செஞ்சுட்டேங்க. எங்கப்பாவுக்கு ஜூன் ஒண்ணு. எங்க மாமனாருக்கு ஜூன் ஒண்ணு. பெரிய மாமாவுக்கும் ஜூன் ஒண்ணு. இந்த வேலைல வாரத்துக்கு ரெண்டு ஜூன் ஒண்ணையாவது பாக்குறேன், ஒருத்தரும் அன்னைக்குப் பொறக்கல. இவரு பொய் சொல்லல, உண்மையச் சொல்லித்தான் மாட்டிக்கிட்டாருன்னு சொன்னேன்."

பெரிய நர்ஸ் நம்பவில்லை. அவளும் என் சாதிதான், காதால் கேட்டதை நம்பமாட்டாள். கணினியில் தேடச் சொன்னாள். எங்கள் நாட்டிலிருந்து வந்து அந்த ஆஸ்பத்திரியில் பதிந்திருந்தவர்கள், அறுபது வயதுக்கு மேலே, இருபத்தாறு பேர். அதில் பத்தொன்பது பேர் ஜூன் ஒன்று. கணினிப் பெண் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள்.

நெட்டையர் வந்து போர்வையை விலக்கினார். அம்புக்குறியைத் தொட்டுக் காட்டினார். நாற்பத்தேழு சொன்னாள்: "இது அவரு போட்ட அம்பாம். எத்தனை திரும்பி வந்துச்சுன்னு விரலால கேட்ட ஆள அவரு வாழ்நாள்ல மறக்க மாட்டாராம். ஆளுக்கு அவரு பொறுப்பாம்."

பெரிய நர்ஸ் யோசித்தாள். கடைசியில் என் பக்கம் குனிந்து ஏதோ சொன்னாள்.

"நீங்க என்னைக்குப் பொறந்தீங்கன்னு அவங்களுக்குக் கவலை இல்லையாம். காகிதத்துல இருக்கிறதும் நீங்க சொல்றதும் ஒண்ணா இருக்கணும். அவ்வளவுதானாம்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. "அட, நம்பர் பிளேட்டு! அத முதல்லயே சொல்றதுக்கென்ன? அதுக்குப் போய்ப் பிறந்த தேதின்னு பேரு வச்சா மனுஷன் என்ன செய்வான்?"

இதையும் விடாமல் சொன்னாள் நாற்பத்தேழு. பெரிய நர்ஸின் உதட்டோரம் ஒரு நூல் அளவு அசைந்தது. அதைச் சிரிப்பு என்று நான் சாட்சி சொல்லமாட்டேன். நிமிர்ந்து நின்று, பிறந்த தேதி என்ன என்றாள். ஜூன் ஒன்று என்றேன், வருஷத்தோடு. டிக் போட்டாள்.

"மருந்து?" என்றேன் நான், விடாமல்.

"அறுபத்தெட்டுக்கும் எழுபத்தொண்ணுக்கும் ஒரு சொட்டுகூட வித்தியாசம் இல்லைன்னு டாக்டர் சொல்றாங்க."

ஒரு சொட்டுகூட வித்தியாசம் இல்லாத விஷயத்துக்காகவா இத்தனை பாடு பட்டேன்! ஊசி ஏறியது.

"தாயி, நீ கூடவே இருப்பியா?"

"நீங்க தூங்கிட்டா நான் சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காதுங்க."

அந்தப் பதிலுக்கு ஒரு பதில் வைத்திருந்தேன். சொல்வதற்குள் தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது மகள் பக்கத்து நாற்காலியில் வீங்கிய காலை என் கட்டில்மேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழுக் கதையும் அவளுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"எருமையாப்பா? ஆபரேஷன் ரூம்ல போயா எருமை?"

"கேட்டாங்க, சொன்னேன்."

"அரை மணி நேரம் வாய மூடிக்கிட்டு இருக்கச் சொன்னேன். அரை மணி நேரம்!" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். பிறகு சிரித்தாள். நானும் சிரித்தேன். தையல் போட்டவனைச் சிரிக்க வைப்பது கொலை முயற்சி.

இரண்டு நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். வார்டு நர்ஸ் மூன்று வேளையும் வந்து ஏதோ கேட்டாள். மகள் வீட்டுக்குப் போயிருந்தாள், கம்பமும் இல்லை. நான் புரியாமல் திருதிருவென்று விழித்தேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, உதட்டைக் குவித்து, பின்னால் கையைக் காட்டி, ஒரு சத்தம் போட்டாள். காற்று பிரிந்ததா என்று கேட்கிறாள்! எதிர்க் கட்டிலில் இருந்த கிழவன் கைதட்டினான். மறுநாள் காலை பிரிந்தது. அதற்கு அந்த நர்ஸ் பட்ட சந்தோஷத்தை என் கல்யாணத்தன்று என் மாமியார்கூடப் படவில்லை. அன்று மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கணக்கு ஆறு வாரம். நாள்காட்டியில் தினம் ஒரு கோடு போட்டேன். தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொடவில்லை. என் பேத்திதான் கணக்குத் தெரியாதவள். ஐந்து வாரம் முடிந்ததுமே பிறந்துவிட்டாள்.

மருமகன் மேலதிகாரியிடம் கெஞ்சி ஒரு வாரம் விடுப்பு வாங்கினார். குளிப்பாட்டுவதும் துடைப்பதும் அவர். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று வேலை வாங்கினேன்.

"கழுத்தப் பிடிங்க மாப்ள. அது என்ன பெட்டியா, ரெண்டு முனையப் பிடிச்சுத் தூக்க?"

"பிடிச்சிருக்கேன் மாமா."

"காதுல தண்ணி போகுது பாருங்க."

"மாமா, நீங்க கொஞ்சம் அந்த ரூம்ல உக்காருறீங்களா?"

"உக்கார மாட்டேன்."

மகள் கட்டிலில் படுத்தபடியே கூப்பிட்டாள். "மூணு கிலோதான்பா இருக்கா. ஒரு தடவ தூக்கினா ஒண்ணும் ஆகாது."

எனக்கும் ஆசைதான். உள்ளே இருக்கும் ஒட்டு நான் போட்டதாக இருந்தால் அன்றே தூக்கியிருப்பேன், என் வேலையைப் பற்றி எனக்குத் தெரியும். அடுத்தவன் போட்ட ஒட்டு. ஒரு வாரம் முழுக்க அவள் அழும்போதெல்லாம் தொட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தேனே தவிர, கையை நீட்டவில்லை.

ஆறு வாரம் முடிந்த மறுநாள் செவ்வாய்க்கிழமை. மருமகன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து நின்றேன். அவர் பிள்ளையை எடுத்து என் கையில் வைத்தார். கனமே இல்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள், இந்த ஆளை நம்பலாமா என்கிற மாதிரி. பிறகு என் சட்டையைச் சூடாக நனைத்தாள்.

மருமகன் பதறிப்போய் மாற்றுத் துணி எடுக்க ஓடினார்.

"ஒண்ணும் அவசரம் இல்ல மாப்ள," என்றேன். "மெதுவா வாங்க."